பங்குனியில் ஓலை முடையலாமா?

கேள்வி
14 மார்ச் 2025, இரவு 9.40

பனையோலைப் பெட்டி முடையப் பழகி ஓராண்டு ஆகிறது. மார்கழியிலும் தையிலும் ஒழுங்காக வந்த வேலை, மாசி முடிவதற்குள் கெட்டுப்போய்விட்டது. போன வாரம் வாங்கிய குருத்தோலையில் பாதிக்குமேல் மடக்கும் இடத்தில் ஒடிந்து குப்பைக்குப் போனது. வசந்த காலம் வந்துவிட்டது, புதிய கைவேலையைத் தொடங்குங்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், பங்குனி பிறந்தவுடன் ஓலைக்கட்டைப் பரணில் ஏற்றிவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருப்பதே நல்லது. மறுப்பவர்கள் காரணம் சொல்லட்டும்.

பதில்
15 மார்ச் 2025, காலை 9.10

மறுக்கிறேன். தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓலைப் பெட்டியும், சிறு கூடையான கொட்டானும் முடைந்து விற்கிறேன். என் வரவில் பெரும்பகுதி பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று மாதங்களில்தான் வருகிறது. கல்யாணத் தாம்பூலத்துக்கும் கோயில் கொடைக்கும் பெட்டி கேட்பவர்கள் ஐப்பசி வரை காத்திருக்க மாட்டார்கள். ஓலைக்கட்டைப் பரணில் ஏற்றினால் என் வீட்டு அடுப்பும் அதன் பின்னாலேயே ஏறிவிடும்.

நீங்கள் எந்த மணிக்கு முடைந்தீர்கள் என்பதை எழுதவில்லை. பகல் பதினொரு மணிக்கு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தால் ஓலை ஒடிந்ததில் வியப்பில்லை. நான் செய்வதைச் சொல்கிறேன். ஓலையின் நடு நரம்பான ஈர்க்கை நீக்கி, விரல் அகலத்துக்கு வார்ந்து, நன்றாகக் காயவைத்த ஓலை கட்டாக இருக்கும். மறுநாளைக்கு வேண்டிய அளவை மட்டும் முன்னிரவில் எடுத்து, தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, உதறி, பழைய வேட்டியில் சுற்றி, அதன்மேல் ஈரச்சாக்கைப் போர்த்தித் தண்ணீர்ப் பானைக்கு அருகில் வைத்துவிடுவேன். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து நான்கு மணிக்கு உட்கார்ந்தால் எட்டு மணி வரை ஓலை சொன்னபடி கேட்கும். எட்டரைக்கு மேல் மடக்கும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியத் தொடங்கும். அந்தக் கோடு தெரிந்த பிறகும் முடைந்தால் அடுத்த மடிப்பில் சடக்கென்று ஒலி கேட்கும். கோட்டைக் கண்டதும் கையிலிருப்பதை அப்படியே ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டு, ஈர்க்கு கிழிப்பது, நார் உரிப்பது, பழைய பெட்டிகளுக்கு விளிம்பு பொத்துவது போன்ற வேலைகளுக்குப் போய்விட வேண்டும்.

ஆகவே பங்குனியில் நான்கு மணி நேரம் முடைகிறேன், மார்கழியில் ஏழு மணி நேரம் முடைகிறேன். வேறுபாடு அவ்வளவுதான்.

15 மார்ச் 2025, இரவு 10.05

காலையில் எழுதியதில் ஒரு பிழை. சுற்றி வைக்கச் சொன்னேனே தவிர, எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. ஏழெட்டு மணி நேரம் போதும். முடையாமல் மிஞ்சிய ஓலையை அன்றே நிழலில் விரித்து உலர்த்திவிட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் உறவுக்காரர் வீட்டுத் திருமணத்துக்குப் போன அவசரத்தில் ஒரு கட்டு ஓலையை ஈரச்சாக்கிலேயே இரண்டு நாள் விட்டுவிட்டேன். திரும்பி வந்து அவிழ்த்தபோது வார் வாராகக் கரும்புள்ளி விழுந்திருந்தது. பூஞ்சையைத் துடைத்துவிடலாம். புள்ளி போகாது. அந்தக் கட்டு முழுவதையும் கரும்பழுப்புச் சாயத்தில் போட்டு “பழங்கால வண்ணம்” என்று சொல்லி விற்றேன். வாங்கியவர்கள் பாராட்டினார்கள் என்பதையும் வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

இன்னொன்று. உங்கள் ஓலை என்ன நிறம்? விரியாத குருத்து தந்த நிறத்தில் இருக்கும், காய்ந்தாலும் மென்மை போகாது. ஏற்கெனவே விரிந்து பச்சை ஏறிய ஓலையைக் குருத்தோலை என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அது பெரிய கூடையான கடகத்துக்கும் பாய்க்கும் உகந்தது. சிறு பெட்டியின் மூலையில் மடக்கினால் எந்த மாதத்திலும் ஒடியும்.

19 மார்ச் 2025, மாலை 6.30

கேள்வி கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார். ஓலை தந்த நிறம்தானாம், முடைந்ததும் காலை ஏழு மணிக்குத்தானாம். அவர் ஊர் கரூருக்கு அருகில் என்பதை இப்போதுதான் சொல்கிறார்.

அப்படியானால் என் முதல் குறிப்பில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நான் இருப்பது கடலோரம். மணப்பாட்டுக் கடற்கரை எனக்குக் கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் சைக்கிள் தூரம்தான். நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று உள்ளே வந்துவிடும், துணி உலர்ந்தாலும் உப்பு ஜாடியில் ஈரம் கோத்திருக்கும். ஓலை காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளும், காற்று வறண்டால் திருப்பிக் கொடுத்துவிடும். கரூர்ப் பக்கத்துப் பங்குனிக் காற்றுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை, வாங்க மட்டுமே தெரியும். என் நான்கு மணி நேரம் அங்கே இரண்டரை மணி நேரமாகச் சுருங்கிவிடும் என்று நினைக்கிறேன். ஏழு மணி என்பது உங்களுக்குக் கடை மூடும் நேரம். மூன்றரைக்கே தொடங்கிப் பாருங்கள். சன்னல்களை மூடுங்கள், அறையில் ஓர் ஈரத்துணியைக் கொடியில் தொங்கவிடுங்கள்.

பங்குனியை வசந்தம் என்று சொல்வதே தவறு என்று மற்றொருவர் இடித்துரைத்திருக்கிறார். நூற்கணக்கின்படி அவர் சொல்வது சரி. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறு பெரும்பொழுதுகளில் மாசியும் பங்குனியும் பின்பனிக்கு உரியவை, சித்திரையும் வைகாசியுமே இளவேனில். பகலெல்லாம் கொளுத்துகிற மாதத்துக்குப் பனியின் பெயரை ஏன் வைத்தார்கள் என்று பள்ளியில் படித்தபோது சிரித்திருக்கிறேன். பின்னிரவில் பனி விழும் காலம் என்று சிலர் அந்தப் பெயருக்குப் பொருள் கொள்வதுண்டு. நான்கு மணிக்கு முற்றத்தில் கிடக்கும் ஓலையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொருளில் ஐயம் வராது. முதல் நாள் மாலை மொடமொடவென்று இருந்தது, விடியுமுன் துணியைப் போலத் துவண்டு கிடக்கும். சித்திரை பாதியானால் அந்தப் பனியும் நின்றுவிடும், அதன் பிறகு சாக்கும் பானையும்தான்.

24 மார்ச் 2025, இரவு 8.50

குருத்தோலை எங்கே கிடைக்கும், ஏன் இந்த மாதத்தில் விலை ஏறுகிறது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் மாசி, பங்குனியிலிருந்து பதநீர்ப் பருவம். பனையேறுகிறவர் காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மரத்திலும் ஏறிப் பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி இறங்குவார். அந்த நேரத்தில் ஓலைக்காக அவரிடம் போய் நிற்பது அறிவுடைமை ஆகாது. எனக்கு ஓலை வெட்டித் தரும் அண்ணாச்சியிடம் தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில் அப்படிப் போய் நின்றேன். “பாளை சீவுற நேரத்துல ஓலை கேக்காதம்மா, தையிலயே வந்திருக்கணும்” என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். பதநீர் இறக்குமுன் மரத்தின் பழைய மட்டைகளைக் கழித்துச் சுத்தம் செய்வார்கள். அப்போதே பெரிய ஓலை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சலில் படுத்திருந்தாலும் தை கடைசியில் ஓலை சேர்த்துவிடுவது அன்றிலிருந்து என் வழக்கம்.

குருத்து வேறு கதை. அது பெரும்பாலும் வடலியிலிருந்து வருகிறது. வடலி என்பது இன்னும் பூக்காத இளம்பனை. ஆணா பெண்ணா என்பது பூக்கும் வரை தெரியாது. தரையில் நின்றே தோட்டியால் அதன் குருத்தை வாங்கிவிடலாம், ஏற ஆள் தேவையில்லை. அந்த வசதியில்தான் ஆபத்தும் இருக்கிறது. பனைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று. மாமரம் போலப் பக்கக்கிளை விட்டுப் பிழைக்காது. குருத்தைக் கொஞ்சம் தாழ வெட்டி அந்த நுனியைத் தொட்டுவிட்டால் மரம் முடிந்தது. மேலாக வெட்டினாலும் அடுத்தடுத்துக் குருத்துகளையே எடுத்துக்கொண்டிருந்தால் மரம் எதைக் கொண்டு சமைத்துச் சாப்பிடும்? ஒரு குருத்தை எடுத்தால் அடுத்த இரண்டை விரியவிட வேண்டும் என்பது எங்கள் ஆச்சி வைத்த கணக்கு. அதை நான் மாற்றவில்லை.

வடலிக்குள் நுழைந்தால் மட்டையின் கருக்கு, அதாவது ரம்பம் போன்ற ஓரம், முழங்கையைக் கீறாமல் விடாது. காதலில் தோற்றவர்கள் இந்தக் கருக்கு மட்டையில் குதிரை செய்து ஏறித் தெருவில் வந்தார்கள் என்று சங்கப் பாடல்கள் சொல்கின்றன. இன்று காலை என் கையைப் பார்த்தபின் அவர்கள்மீது மதிப்பு கூடிவிட்டது.

விலை ஏறுவதற்குக் காரணம் இந்த ஆண்டு நாட்காட்டியிலேயே இருக்கிறது. குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 13, சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14. தேவாலயங்களுக்கும் குருத்து வேண்டும், எங்களுக்கும் புத்தாண்டுப் பெட்டிக்குக் குருத்து வேண்டும். பக்கத்து ஊர்த் தேவாலயப் பங்கிலிருந்து முந்நூறு ஓலைச் சிலுவைகளும், நகரத்துக் கடை ஒன்றிலிருந்து அறுபது மூடி வைத்த பெட்டிகளும் கேட்டிருக்கிறார்கள். இரண்டையும் ஒப்புக்கொண்டேன். சரியாகச் செய்தேனா என்று தெரியவில்லை.

25 மார்ச் 2025, காலை 8.40

தோட்டி என்றால் நீண்ட கழியின் முனையில் கொக்கிபோல் வளைந்த அரிவாள் கட்டியது. கேட்டவருக்காக.

30 மார்ச் 2025, பிற்பகல் 3.15

வெயில் ஏறிய பிறகு ஓலை வளையாது, ஆனால் சாயம் காய்ச்ச அதைவிட நல்ல நேரம் கிடையாது. எனவே இன்று சாயத்தைப் பற்றி எழுதுகிறேன். இந்தப் பகுதியில் என் தோல்விகள் அதிகம்.

பெரும்பாலோர் பயன்படுத்துவது கடைச்சாயம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது சாயத்தைக் கரைத்து, ஓலையை அமுக்கிப் புரட்டி எடுக்க வேண்டும். ஓலையின் மேற்பரப்பு மெழுகு பூசியதுபோல் இருப்பதால் வெதுவெதுப்பான நீரில் போட்டால் நிறம் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். செட்டிநாட்டுக் கொட்டான்களில் காணும் அடர்ந்த சிவப்பும் பச்சையும் கத்தரிப்பூ நிறமும் அந்தக் கொதிநீர் வேலையின் துணிச்சல். எனக்கு அவற்றின்மேல் என்றைக்கும் ஆசை உண்டு.

நான்கு ஆண்டுகளுக்கு முன் செடிச்சாயம் மட்டுமே பயன்படுத்துவேன் என்று கொடி பிடித்தேன். மஞ்சளில் தொடங்கினேன். சமையலறையிலேயே இருக்கிறது, மங்கலம், சித்திரைக்குப் பொருத்தம் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஓலை பொன்போல வந்தது. நாற்பது பெட்டிகள் விற்றேன். பத்தே நாளில் வாங்கியவர்களில் ஒருவர் படம் அனுப்பினார். சன்னலோரம் வைத்திருந்த பெட்டியின் ஒரு பக்கம் வெளுத்து, சுவர்ப்பக்கம் மட்டும் மஞ்சளாக இருந்தது. அதற்குப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது. மஞ்சள் நிறம் வெயிலுக்குத் தாங்காது என்பது சாயத்தொழிலில் எல்லோரும் அறிந்தது, அறியாதவள் நான் ஒருத்தி. இப்போது மஞ்சளுக்கு மாதுளைத் தோலைக் காய்ச்சிப் படிகாரத்தோடு பயன்படுத்துகிறேன். அவ்வளவு பளபளப்பு இல்லை, ஆனால் நிற்கிறது.

கறுப்பு இன்னொரு கதை. கடுக்காய்த் தண்ணீரில் ஓலையை ஊறவைத்துவிட்டு இரும்புத் தண்ணீரில் போட்டால் கறுப்பாகும். இரும்புத் தண்ணீர் என்பது துருப்பிடித்த ஆணிகளை வெல்லக் கரைசலில் பல நாள் புளிக்க வைப்பது. கலம்காரித் துணிக்குக் கறுப்புக் கோடு எழுதுவதும் இந்த வகைக் கரைசலால்தான். என் வீட்டில் வெல்லம் இல்லை, கருப்பட்டித் தூள் இருந்தது. புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியை ஆணிக்குக் கொடுத்த பெருமை எனக்கு உண்டு. கறுப்பு நன்றாகவே வந்தது. ஆனால் இரும்பை அளவுக்கு மீறிப் போட்டால் ஓலை நாளடைவில் நொறுங்கும் என்பதை ஒரு மழைக்காலம் கழிந்த பிறகே கண்டுகொண்டேன். கேள்வி கேட்டவர் கறுப்போலை ஏதேனும் வாங்கியிருந்தால் இதையும் ஒரு காரணமாக வைத்துப் பார்க்கட்டும்.

இப்போது கொடி எதையும் பிடிப்பதில்லை. பாதிக் கடைச்சாயம், பாதிச் செடிச்சாயம், கேட்பவர்களிடம் எது எது என்று சொல்லிவிடுவது.

6 ஏப்ரல் 2025, இரவு 9.20

பனையைக் காப்போம் என்று ஒருபுறம் பேசிக்கொண்டு மறுபுறம் குருத்தை வெட்டுகிறீர்களே என்று ஒருவர் கடிந்து எழுதியிருக்கிறார். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்ததையும் நினைவூட்டுகிறார். அந்த அறிவிப்பு மரத்தை வீழ்த்துவதற்குத்தான், ஓலை எடுப்பதற்கு அல்ல என்று உடனே பதில் எழுதினேன். எழுதிவிட்டு அழித்துவிட்டேன். சட்டம் என்னைத் தடுக்கவில்லை என்பது அவருடைய கேள்விக்குப் பதிலாகாது.

நேற்று மாலை ஓலை எடுக்கும் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், நடந்து பார்த்தேன். செம்மணலில் நிற்கும் நாற்பது வடலிகளை எண்ணினேன். மூன்றில் புதிய ஓலைகள் குட்டையாகவும் வெளிறியும் இருந்தன. நான் வெட்டியவை அல்ல, தோட்டி பட்ட தடம் என் வெட்டைவிடத் தாழ்ந்திருக்கிறது. ஆனாலும் நான் வெட்டிய மரங்களுக்கு அடுத்து நிற்பவை. நான் வந்து போவதைப் பார்த்து இங்கே குருத்துக் கிடைக்கும் என்று வேறு யாரும் தெரிந்துகொண்டிருக்கலாம். இந்தத் திசையில் இதுவரை யோசித்ததில்லை.

இந்த அறுபது பெட்டிகளில் அடியையும் உள்சுவரையும் விரிந்த ஓலையில் முடைந்து, வெளியே தெரியும் சுவருக்கும் மூடிக்கும் மட்டும் குருத்தைப் பயன்படுத்துகிறேன். குருத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. கை வலிக்கிறது, ஏனெனில் விரிந்த ஓலை விறைப்பானது. காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்கள். என் பெட்டியில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

13 ஏப்ரல் 2025, அதிகாலை 2.10

சிலுவைகள் முடிந்தன. கடைசி நூற்றைம்பதை ஒரே இரவில் செய்தோம், நானும் மைனியும் (அண்ணி) மைனியின் மகளும்.

செய்முறை கேட்டிருந்தவருக்கு: குருத்தின் ஒரு மடலைப் பிரித்து, நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்தால் ஈர்க்கு தனியே வந்துவிடும். நீளமான வார் ஒன்றை நெட்டாகப் பிடித்து, மேல்முனையிலிருந்து ஒரு சாண் இறங்கிய இடத்தில் மடக்கி, மடித்த பகுதியைக் குறுக்காகத் திருப்பி, முதுகுப்பக்கம் கொண்டுபோய் மூலைவிட்டமாக முன்னே இழுக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் சந்திக்கும் இடத்தில் சிறிய சதுரம் ஒன்று நிற்கும். அந்தச் சதுரத்துக்குக் கீழே வால்முனையைச் செருகி இழுத்தால் சிலுவை இறுகிவிடும். நூல் வேண்டாம், பசை வேண்டாம். இழுக்கும்போது க்ரீச்சென்று புது ஓலைக்கே உரிய ஒலி ஒன்று வரும். அந்த ஒலி வராவிட்டால் செருகல் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

மரத்திலிருந்து அன்று இறங்கிய குருத்துக்கு நனைப்பும் வேண்டாம், விடியற்காலையும் வேண்டாம். நள்ளிரவில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டே செய்தோம். ஆண்டு முழுவதும் விசிறியைப் பகையாக நினைத்து வியர்வையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது திருவிழா. மைனியின் மகள் நூறாவது சிலுவைக்குப் பிறகு, இவற்றை அடுத்த ஆண்டு என்ன செய்வார்கள் என்று கேட்டாள். வீட்டில் வைத்திருந்ததைத் திரும்ப வாங்கி எரித்துச் சாம்பல் புதனுக்கு நெற்றியில் பூசுவார்கள் என்றேன். “அப்ப இவ்வளவு நேர்த்தியா எதுக்குச் செய்யணும் அத்தை?” என்று கேட்டுவிட்டு, தான் செய்ததில் கோணலாக இருந்த இரண்டைப் பிரித்து மறுபடி செய்தாள்.

பெட்டிகளில் நாற்பத்தெட்டு நேற்றுப் பகலில் கடைக்குப் போய்விட்டன. காய்ந்த ஓலை தீர்ந்துவிட்டது. மிச்சம் பன்னிரண்டையும் சிலுவைக்கு வந்த புதுக்குருத்திலேயே முடித்து, காலையில் முதல் பேருந்தில் ஏற்றிவிடப் போகிறேன்.

14 ஏப்ரல் 2025, காலை 11.00

முடித்துவிட்டேன். இன்று ஓலையைத் தொடவில்லை. மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டேன்.

22 ஏப்ரல் 2025, இரவு 7.45

கடையிலிருந்து அழைத்தார்கள். பன்னிரண்டு பெட்டிகளின் சுவர்களில் இடைவெளி விழுந்து, உள்ளே வைத்த இனிப்பு வெளியே தெரிகிறதாம். மூடிகள் தொளதொளவென்று கழன்று விழுகின்றனவாம். படங்களைப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. அந்தப் பன்னிரண்டும் புதுக்குருத்தில் முடைந்தவை.

இந்தக் கேள்வி-பதில் இழையின் தொடக்கத்தில் மறுக்கிறேன் என்று எழுதியவள் நான்தான் என்பதால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். புது ஓலைக்குள் இருக்கும் ஈரம் அதற்கே உரிய ஈரம். அது போகும்போது வார் அகலத்தில் சுருங்கும். அகலமாக இருந்தபோது ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்ற வார்கள், சுருங்கியபின் பல் விழுந்த வாய்போல ஆகிவிடும். சிலுவையில் ஒரே ஒரு வார் இருப்பதால் சுருக்கம் தெரியாது. பெட்டியில் எண்பது வார்கள், ஒவ்வொன்றும் நூலளவு சுருங்கினாலும் போதும். இதனால்தான் முதலில் ஓலையை வெயிலிலும் பனியிலுமாக ஒரு வாரம் போட்டு, சுருங்க வேண்டியதைச் சுருங்கவிட்டு, பிறகு மேலோட்டமாக நனைத்து முடைய வேண்டும். இரண்டு ஈரமும் ஒன்றல்ல.

இதைப் பத்து வயதில் கற்றுக்கொண்டேன். ஈர ஓலையில் சிறு கிலுகிலுப்பை முடைந்து எடுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது ஆச்சி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏட்டி, இது நாளைக்கு உன்னைப் பார்த்துச் சிரிக்கும்” என்றார். மறுநாள் அதன் உள்ளே இருந்த கல் இடைவெளி வழியாக விழுந்துவிட்டது. முப்பத்தைந்து ஆண்டு கழித்து அதே தவற்றைப் பன்னிரண்டு மடங்காகச் செய்திருக்கிறேன்.

மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள், அறுபதுக்கும் சேர்த்து. நாற்பத்தெட்டில் குறை இல்லையே என்று கேட்டதற்கு, எல்லாம் ஒரே கணக்கு என்றார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அந்த வழக்கை இங்கே நடத்தப் போவதில்லை.

கேள்வி கேட்டவருக்கு இது: உங்கள் ஓலை வறண்டு ஒடிந்தது, என் ஓலை ஈரமாக இருந்து சுருங்கியது. பங்குனி, சித்திரையில் ஓலை கெடுவதற்கு இந்த இரண்டு வழிகளும் உண்டு என்பதை நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். நான்கு மணி நேரம் முடைகிறேன், வேறுபாடு அவ்வளவுதான் என்று எழுதியது இப்போது படிக்கையில் எனக்கே சற்று எரிச்சலாக இருக்கிறது. மார்கழியில் இப்படித் தேதியைத் துரத்திக்கொண்டு முடைய வேண்டிய தேவை வருவதில்லை.

23 ஏப்ரல் 2025, காலை 9.00

பன்னிரண்டையும் பிரித்து அதே ஓலையில் மறுபடி நெருக்கி முடையலாமே என்று ஒருவர் கேட்கிறார். அடிப்பகுதி வரை பிரித்து நெருக்கினால் பெட்டி இரண்டு விரல் சிறியதாகும், மூடி பொருந்தாது. மூடியில்லாக் கொட்டானாக மாற்றலாம். இரண்டைச் செய்து பார்த்தேன். ஒன்றில் வெங்காயம் போட்டிருக்கிறேன், காற்றோட்டத்துக்கு அந்த இடைவெளி உதவியாகவே இருக்கிறது.

5 மே 2025, அதிகாலை 5.20

நேற்று அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பனி முழுவதும் நின்றுவிட்டது. முற்றத்தில் போட்ட ஓலை விடியலிலும் மொடமொடக்கிறது. பன்னிரண்டு பெட்டிகளில் ஒன்பது முடிந்துவிட்டன, இந்த முறை ஓலையை ஒன்பது நாள் காயவைத்த பிறகுதான் தொட்டேன். தேரியில் இந்த மாதம் குருத்து எடுக்கவில்லை. அந்த மூன்று வடலிகளில் ஒன்று புதிதாக ஓலை விட்டிருக்கிறது, முன்பு விட்டதைவிடச் சற்று நீளம். மற்ற இரண்டும் அப்படியே நிற்கின்றன.

கரூர்க்காரர் படம் அனுப்பியிருக்கிறார். மூன்றரை மணிக்கு எழுந்து, சன்னலை மூடி, ஈரத்துணியைத் தொங்கவிட்டு முடைந்தாராம். நான்கு மூலைகளில் மூன்று நன்றாக வந்து, நான்காவது மட்டும் ஒடிந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒடிந்த வாரில் ஈர்க்கு ஒட்டிய ஓரம் முழுதாக நீங்கவில்லை, தடித்த விளிம்பு ஒன்று நிற்கிறது. அந்த விளிம்பு எவ்வளவு நனைத்தாலும் மடங்காது. கத்தி முனையால் அதை மட்டும் சீவி எடுத்துவிட்டு, மூலைக்கு வரும்போது விரலைத் தண்ணீரில் தொட்டு மடிப்பின்மேல் ஒரு முறை தடவிவிட்டு மடக்குங்கள். ஒடிந்த வாரை மாற்றப் பெட்டியை முழுவதும் பிரிக்க வேண்டியதில்லை. புது வாரைப் பழைய வாருக்கு மேலேயே நான்கு கட்டம் உள்ளே செருகி, பழையதை வெட்டிவிடலாம்.

ஐந்தேகால் தாண்டிவிட்டது. என்னிடம் இன்னும் இரண்டு மணி நேர ஈரம் இருக்கிறது, பத்தாவது பெட்டிக்கு மூடி பாக்கி.